இடுப்பு உயரத்துக்கு ஒரு பந்து

சவுண்டைக் கொறைக்காதீங்க சார், இருக்கட்டும். கழுத்துல பட்டையைக் கட்டிக்கிட்டு நீங்க போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறதப் பாத்தாத்தான் பாவமா இருக்கு. எனக்குப் படம் தெரிய வேண்டாம், பந்து சத்தம் போதும். இப்ப டப்புன்னு தட்டையா ஒண்ணு அடிச்சாரு பாருங்க, அது அந்த நெட்டை ரஷ்யாக்காரர்தானே? சொன்னேன்ல.

அவரு ஆட்டம் எனக்குப் பிடிக்காது. ஜெயிக்கிறாரு, இல்லேங்கல. ஆனா ஃபோர்ஹேண்ட் அடிச்சு முடிக்கிறப்ப கை எங்க போகுதுன்னு பாருங்க. கொசு அடிக்கிறவன் கை மாதிரி அது பாட்டுக்கு எங்கயோ போகுது. பந்து மட்டும் போக வேண்டிய எடத்துக்குப் போயிடுது. அதெப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. சரி, என் தோளுக்கு வெச்சிருக்கிற இந்த கரண்ட் மிஷின் இருபது நிமிஷம் ஓடும். அதுவரைக்கும் நீங்களும் எந்திரிச்சுப் போக முடியாது, நானும் போக முடியாது. உங்களுக்கு டென்னிஸ் தெரியுதுங்கிறதால சொல்றேன். வேற யார்கிட்ட சொன்னாலும் கேட்டுட்டு கொட்டாவி விடுவாங்க.

என் பேரு சவரிமுத்து. இதே திருச்சியில ஒரு பழைய கிளப்புல மார்க்கரா இருந்தேன், இருபத்தாறு வருஷம். கிளப்பு பேரு வேண்டாம். மார்க்கர்னா என்னன்னு தெரியுமா? மெம்பர் ஒருத்தர் ஆட வராரு, கூட ஆட ஆள் இல்ல. அப்ப அவரோட எறங்கி ஆடுறதுக்குன்னு கிளப்பே சம்பளம் கொடுத்து ஒருத்தனை வெச்சிருக்கும். அவன்தான் மார்க்கர். விடியறதுக்குள்ள செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணி தெளிச்சு, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, நெட்டைக் கட்டி, அப்புறம் ஆடணும். கோர்ட்டுக்குப் பின்னாடியே ரெண்டு ரூம்பு வச்ச ஓட்டு வீடு ஒண்ணு மார்க்கருக்கு உண்டு. என் கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த வீடுதான்.

கேக்குறதுக்கு சுலபமான வேலை. மார்க்கர் ஜெயிக்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டல, ஆனா கூடாது. காலங்காத்தால எந்திரிச்சு, வெள்ளை நிஜார் போட்டு, கார்ல வந்து எறங்கி, கிளப்பு வேலைக்காரன்கிட்ட தோத்துட்டுப் போறதுக்கா ஒரு மனுஷன் மெம்பரா சேர்றாரு? சரி, தோத்துட்டுப் போனாப் போச்சுன்னு நெனைப்பீங்க. விஷயமே அங்கதான் இருக்கு. சும்மா தோத்தா அவருக்குத் தெரிஞ்சு போயிடும், முகம் சுருங்கிடும். ஆறுக்கு நாலுன்னு தோக்கணும். வாரத்துல ஒரு நாள் ஏழுக்கு அஞ்சு. பந்து அவரு ஃபோர்ஹேண்டுக்கு, இடுப்பு உயரத்துக்கு வந்து நிக்கணும். ரெண்டு எட்டு வெச்சு எடுக்கிற மாதிரி இருக்கணும். மூணாவது எட்டு வெக்க விடக் கூடாது. வெச்சா மூச்சு வாங்கும், மூட்டு வலிக்கும், மறுநாள் வர மாட்டாரு. இதை நெனச்சு நெனச்சு செஞ்சா ஆட முடியாது சார். கைக்கே தெரிஞ்சிருக்கணும். என் கைக்குத் தெரியும்.

அதோட நிறுத்திருந்தா நான் சாதா மார்க்கர். எனக்கு ஸ்டைல் பைத்தியம். கிளப்பு ஹால்ல பெரிய டிவி உண்டு. மார்க்கர் உள்ள போய் உக்காரக் கூடாது, ஜன்னலுக்கு வெளிய நின்னு பாக்கலாம். விம்பிள்டன் அத்தனையும் நின்னுக்கிட்டே பாத்தவன் நான். ஃபெடரர் ஒத்தைக் கையால பேக்ஹேண்ட் அடிக்கிறப்ப கவனிச்சிருக்கீங்களா? மத்தவங்கெல்லாம் பந்து பின்னாடியே தலையத் திருப்புவாங்க. அவரு மட்டும் பந்து பேட்டுல பட்ட எடத்தையே பாத்துக்கிட்டு நிப்பாரு, கல்லறையில மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு நிக்கிறவங்க மாதிரி. நடால் அப்படியில்ல. கீழேர்ந்து சுருட்டி எடுத்து, தலைக்கு மேல ஈரத் துண்டைச் சுழட்டுற மாதிரி சுழட்டி முடிப்பாரு. பந்து குத்தினதும் தோளுக்கு மேல எகிறும். ஜோகோவிச்சுக்குக் கையைப் பாக்கவே கூடாது, காலைப் பாக்கணும். எட்டவே எட்டாதுன்னு நாம நெனைக்கிற பந்துக்குக் காலை அகட்டிச் சறுக்கிட்டு வந்து ரெண்டு கையால திருப்புவாரு. சாம்ப்ராஸ் சர்வீஸ் போடுறதுக்கு முன்னாடி முன்காலோட நுனியை லேசாத் தூக்குவாரு, அப்பவே தெரிஞ்சிடும் இடி வருதுன்னு. நம்ம ரமேஷ் கிருஷ்ணன் இருக்காரே, அவரு அடிக்கவே மாட்டாரு. பந்தைத் தடவிக் கொடுத்து அனுப்புவாரு. அது எதிராளி கால்கிட்ட போய்ப் படுத்துக்கும்.

இத்தனையும் என் கைல உண்டு. பெருமைக்குச் சொல்லல. நடால் இடது கை, நான் வலது கை, கண்ணாடில பாக்குற மாதிரி மாத்திக்கிட்டேன். மெம்பர்களுக்கு அது ஒரு வேடிக்கை. 'சவரி, இன்னைக்கு யாரு?'ம்பாங்க. 'யாரு வேணும் சார்?'னு கேப்பேன். சொல்ற ஆளைப் போட்டுக் காட்டுவேன். ஸ்டைல் அவங்களது, பந்து மட்டும் இடுப்பு உயரத்துக்கு.

இதுல டாக்டர் வைத்தீஸ்வரனைப் பத்திச் சொல்லணும். காது மூக்கு தொண்டை டாக்டர், பெரிய கை. பதினெட்டு வருஷம், தெனம் காலைல ஆறுலேர்ந்து ஏழு, என்னோடதான் ஆடுவாரு. வேற ஆளோட ஆடவே மாட்டாரு. நடால் போடச் சொல்லுவாரு. ஆறுக்கு நாலுன்னு ஜெயிச்சிட்டு கேண்டீன்ல உக்காந்து பொங்கல் சாப்பிடுறப்ப, 'இன்னைக்கு நடாலை முடிச்சிட்டேன்யா'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் வெளிய நின்னு சிரிப்பேன். ஒருநாள் தோள்ல கை போட்டு, 'நீ மட்டும் வேற எடத்துல பொறந்திருந்தா, சவரி, உன்னை டிவில பாத்திருப்போம்'னாரு. வேர்த்த ஒடம்பு, அப்படியே கை போட்டாரு. யாரு சார் போடுவாங்க?

இந்த வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச கையோட கிளப்புல ஒரு பேச்சு வந்துச்சு. மெம்பர்களோட புள்ளைங்க நெறைய சேர்ந்துட்டாங்க, கோச்சு ஒருத்தரைப் போடணும்னு. கோச்சுன்னா மெம்பர்களோட ஆட மாட்டாரு. காலைலயும் சாயங்காலமும் புள்ளைங்களுக்குச் சொல்லித் தரது மட்டும்தான் வேலை. கோச்சு வந்துட்டா மார்க்கர் வேலையை எடுத்துடுறது, அந்த வீடும் கோச்சுக்குன்னு முடிவு பண்ணாங்க. ஆனா செக்ரட்டரி நல்ல மனுஷன். 'வெளிய எதுக்குத் தேடணும், இருபத்தாறு வருஷமா நம்ம கோர்ட்டைக் காப்பாத்துறவன் இருக்கான், அவனையே போட்டுடலாம்'னு கமிட்டில சொல்லிட்டாரு. பாதிப் பேரு தலையாட்டிட்டாங்களாம்.

மறுநாள் காலைல டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே கேட்டுட்டு, 'அப்ப என் ஆறு மணி?'ன்னாரு. நான் சிரிச்சிட்டு, 'உங்களுக்கு இல்லாததா டாக்டர்'னேன்.

அடுத்த கமிட்டில டாக்டரே எந்திரிச்சாரு. மெட்ராஸ்லேர்ந்து ஒரு பையன் விண்ணப்பம் போட்டிருக்கான், அகிலன்னு பேரு, அகாடமில படிச்ச சர்டிஃபிகேட்டெல்லாம் இருக்கு. அவனை விட்டுட்டு சவரியைச் சும்மா போட்டா நாளைக்கு நாலு பேரு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க. சவரி கௌரவமா வாங்கட்டும். ரெண்டு பேரும் ஆடட்டும், ஜெயிச்சவன் கோச்சு. இப்படிச் சொன்னாராம். எனக்குக் கேள்விப்பட்டதும் கண்ணு கலங்கிடுச்சு. என் கௌரவத்தைப் பத்தி அதுவரைக்கும் யாரும் பேசினதில்ல.

வீட்ல ஃபிலோமினாகிட்ட சொன்னேன், என் சம்சாரம். அவ சந்தோஷப்படலை. வெங்காயம் உரிச்சிக்கிட்டே, "கைக்கு வந்ததை எதுக்கு அவரு ஆட்டத்துல கொண்டுபோய் வெச்சாரு?"ன்னா. பொம்பளைங்களுக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்னு சத்தம் போட்டேன். அவ விடல. "இத்தனை வருஷமா ஜன்னல்லேர்ந்து பாக்குறேன். நீங்க யாரையாவது ஜெயிச்சு நான் பாத்ததே இல்லையே"ன்னா. அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்துட்டேன்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டர் வந்தாரு. 'சவரி, இன்னைக்கு மார்க்கர் ஆட்டம் வேண்டாம். நெஜமா ஆடு. என்னை ஜெயிச்சுக் காட்டு, பழக்கம் ஆகட்டும்'னாரு. பாருங்க, எவ்வளவு பெரிய மனசு. சரின்னு ஆடினேன். அஞ்சுக்கு நாலுன்னு நான் மேல இருக்கேன், இன்னும் ஒரு கேம்தான். அவருக்கு அறுபத்திரெண்டு வயசு, முட்டியில பட்டை கட்டியிருக்காரு, ஒரு பக்கம் முழுக்க காலியாக் கெடக்கு. ஏழுக்கு அஞ்சுன்னு அவருதான் ஜெயிச்சாரு. நான் விட்டுக் கொடுத்தேன் சார். பெரியவரு, மரியாதைக்கு. வேணும்னா முடிச்சிருப்பேன். டாக்டர் துண்டால மொகத்தைத் தொடைச்சிக்கிட்டு நல்லா சிரிச்சாரு. இவ்வளவு சந்தோஷமா அவரைப் பாத்து நாளாச்சு.

ஞாயித்துக்கெழமை ஆட்டம். பூசை முடிச்சிட்டு வந்தேன். மெம்பர் அத்தனை பேரும் குடும்பத்தோட வந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. அந்தப் பையன் அகிலன் வந்து கால்ல விழாத கொறையா வணக்கம் வெச்சான், கெட்ட பையன்லாம் இல்ல. ஆனா அவன் அடி இருக்கே! முழங்கையை ஒடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு, சப்பாத்தியைத் திருப்பிப் போடுற மாதிரி ஒரு ஃபோர்ஹேண்ட். சர்வீஸ்ல பந்தை அண்ணாந்து கூடப் பாக்க மாட்டான். பத்து நிமிஷத்துல எனக்குத் தெம்பு வந்துடுச்சு. இவன்லாம் ஒரு ஆளான்னு.

அன்னைக்கு நான் ஆடின ஆட்டம் இருபத்தாறு வருஷத்துல ஆடினதில்ல. ஃபெடரர் பேக்ஹேண்ட் போட்டேன். சாம்ப்ராஸ் சர்வீஸ் போட்டேன். சறுக்கிட்டுப் போய் ஜோகோவிச் மாதிரி எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் கைத்தட்டல். ஆஹா ஆஹாங்கிறாங்க. முப்பது தடவை பந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ட்டு வருது. கடைசில பாயிண்ட்டு மட்டும் அவனுக்குப் போயிடுது. மொதல் செட்டு ஆறுக்கு நாலு, அவனுக்கு.

காத்து சார். அன்னைக்குக் காவேரிப் பக்கத்துலேர்ந்து நல்ல காத்து. பந்தும் புதுசு, வேற கம்பெனி. பேட்டுக்கு நரம்பு கட்டினவன் இறுக்கிக் கட்டிட்டான். இதையெல்லாம் சொன்னா ஃபிலோமினா, 'ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்'கிறா. எனக்கா ஆடத் தெரியாது?

ரெண்டாவது செட்டுல நான் அஞ்சுக்கு மூணு. ஒரே ஒரு பாயிண்ட்டு எடுத்தா செட்டு என்னுது. அப்புறம் மூணாவது செட்டுல பாத்துக்கலாம், பையன் வேற களைச்சுட்டான். அந்தப் பாயிண்ட்டுல பந்தை அவனுக்கு இடது கைப் பக்கம் ஓரத்துல போட்டேன், ஓடினான், செம்மண்ல கால் வழுக்கி, பொத்துன்னு உக்காந்துட்டான். எப்படியோ பேட்டை நீட்டிப் பந்தை எடுத்துட்டான், அது பூ மாதிரி மெதுவா நெட்டுக்கு மேல வருது. நான் நெட்டுகிட்ட நிக்கிறேன். அந்தப் பக்கம் கோர்ட்டு முழுக்கக் காலி சார். அவன் ஒரு மூலையில தரையில உக்காந்திருக்கான். எங்க வேணாலும் வெக்கலாம். சின்னப் புள்ளைகூட வெச்சிடும்.

நான் காலி எடத்தைத்தான் பாத்தேன். சத்தியமா அங்கதான் பாத்தேன். கை அங்க போகல. பந்து நேரா அவன்கிட்ட போச்சு. மெதுவா, அவன் கையை ஊனி எந்திரிக்கிற நேரத்துக்குச் சரியா, இடுப்பு உயரத்துக்கு, ஃபோர்ஹேண்டுக்குப் போய் நின்னுச்சு. அவனே ஒரு நிமிஷம் முழிச்சான். அப்புறம் அந்த சப்பாத்தி அடியை அடிச்சு என்னைத் தாண்டி அனுப்பினான்.

எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. விழுந்தவனை அடிக்கக் கூடாதுன்னு விட்டுக் கொடுத்தேன்னு நெனச்சிட்டாங்க. டாக்டர் சத்தமா, "இதுதான்யா சவரி! இவன் ஜென்டில்மேன்!"னாரு. வேலிக்கு அந்தப் பக்கம் ஃபிலோமினா நின்னா. அவ மட்டும் கை தட்டல. முந்தானையை வாய்ல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு. எனக்கும் அப்பத்தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் ஒவ்வொரு பந்தையும் அவன் இல்லாத எடத்துல போடணும்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஆடினேன். 'எட்ட போடு, எட்ட போடு'ன்னு. என் கையைப் பாத்தா வேற யாரோட கையோ மாதிரி இருந்துச்சு. அவன் எங்க ஓடினாலும் பந்து அவன் பின்னாடியே போகுது, நாய்க்குட்டி மாதிரி. ஏழுக்கு அஞ்சு. முடிஞ்சு போச்சு. வெக்கம் சார். தோத்ததுக்கு இல்ல, தோத்து எனக்குப் பழக்கம். இத்தனை வருஷமா நான் விட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.

தோளு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்கல்ல. பாத்ரூம்ல வழுக்கினதா சீட்டுல எழுதியிருக்கும், நான்தான் அப்படிச் சொன்னேன். மறுநாள் விடிஞ்சதும் ஒரு கூடைப் பந்தை எடுத்துக்கிட்டு தனியா கோர்ட்டுக்குப் போனேன். எதுத்தாப்புல ஆள் இல்ல. அடிச்சேன். சொன்னா நம்ப மாட்டீங்க, மூலைக்கு மூலை போகுது. கோட்டு மேலயே போய் விழுது சுண்ணாம்பு தெறிக்க. ஆள் இல்லன்னா என் கையை ஜெயிக்க ஆளே இல்ல. கூடை காலியாக, பொறுக்கிட்டு வர, திரும்ப அடிக்க, இப்படியே எத்தனை தடவைன்னு தெரியல. ஒரு சர்வீஸ்ல தோளுக்குள்ள துணி கிழியிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே உக்காந்துட்டேன். ஆறு மணிக்கு டாக்டர் வந்துட்டாரு வழக்கம் போல. அவருதான் கார்ல ஏத்திட்டுப் போனாரு.

வீட்டைக் காலி பண்ணிட்டோம். அந்தப் பையன் குடியேறிட்டான், பொண்டாட்டி முழுகாம இருக்காளாம். நாங்க இப்ப டாக்டர் வீட்டுக்குப் பின்னாடி, கார் ஷெட்டு மேல ஒரு ரூம்புல இருக்கோம். அவரு வீட்டுக் காலி மனையில சொந்தமா ஒரு கோர்ட்டே போடுறாரு, செம்மண் அடிச்சாச்சு. கிளப்புக்குப் போறதை விட்டுட்டாரு. ஒரு நாள் அந்தப் பையனை வம்பு பண்ணி ஆடக் கூப்பிட்டாரு, அவன் ஆறுக்கு சைபர்னு அனுப்பிட்டான், வெவரம் தெரியாத பய. 'தோள் சரியானதும் சொல்லு சவரி, உன்னை விட்டா எனக்கு யாரு'ங்கிறாரு. இந்த எடத்துக்கு லெட்டர் கொடுத்து அனுப்பினதும் அவருதான். என்ன மனுஷன் பாருங்க. ஃபிலோமினாதான் அவரு வீட்டுப் படியேற மாட்டேங்கிறா. அன்னைக்கு ஆட்டத்துல ஜெயிச்சது அகிலன் இல்ல, டாக்டருதாங்கிறா. நன்றி கெட்டவன்னு ஊரு சொல்லாதா? பேசாம இருடின்னுட்டேன்.

இனிமே எனக்கு ஒண்ணும் இல்ல சார், அது தெரியும். அம்பத்திரெண்டு வயசு. தசைநார் முக்காவாசி அறுந்து போச்சுங்கிறாங்க. ஆனா நான் பயப்படுறது அதுக்கு இல்ல.

மிஷின் முடிஞ்சதும் பயிற்சி கொடுக்க அந்த மேடம் வரும் பாருங்க, சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு. முழங்கையை இடுப்போட ஒட்டி வெக்கச் சொல்லி, தன் உள்ளங்கையை என் கைல வெச்சு, 'முழு பலத்தோட வெளிப்பக்கம் தள்ளுங்கய்யா'ங்கும். பத்து நாளா தள்ளுறேன். மொதல்ல வலி. இப்ப வலி கொறைஞ்சிடுச்சு. தள்ளினா போகுது சார், எனக்குத் தெரியுது, உள்ள தெம்பு இருக்கு. அந்தப் பொண்ணோட கை லேசாப் பின்னாடி போற நேரத்துக்கு என் கை தானா நின்னுடுது. நின்னு, அந்தப் பொண்ணு தள்ளுற பக்கமே மெதுவாத் திரும்பி வந்துடுது. நேத்து அது சீட்டுல என்னமோ எழுதிட்டு, 'இன்னும் பலம் வரலையே அய்யா'ன்னு வருத்தப்பட்டுச்சு. தசைக் கோளாறுன்னு நெனச்சிருக்கு. என்னன்னு சொல்றது?

கூப்பிடுறாங்க. வரேன் சார்.